அக்காள் வாயில் தம்பி பல்

கருவமங்கலம் பாத்திரக்கடை பூதலிங்கத்தின் பல் அவருடைய அக்காள் பிச்சம்மாளின் வாயில் முளைத்தது ஒரு வைகாசி மாதத்தில், ஊருக்குள் மாம்பழம் மலிந்து ஈக்கள் கொழுத்துத் திரிந்த நாட்களில். அதை முதலில் பார்த்தது யார் என்பதில் இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி உண்டு, கோயில் வாசல் பூக்காரி நான்தான் என்பாள், பஸ் ஸ்டாண்டு டீக்கடை சங்கரபாண்டி நானே என்பான், ஆனால் அந்தப் பல் யாருடையது என்பதில் இரண்டு பேருக்குமே நொடி நேரம்கூடச் சந்தேகம் வரவில்லை.

எப்படி வரும்? பூதலிங்கத்தின் பல்லைத் தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. அவர் வியாபாரிகள் சங்கத் தலைவரான நாள் முதலாக, தீபாவளிக்கு, பொங்கலுக்கு, அம்மன் கொடைக்கு, யாராவது மந்திரி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வழியாகப் போவதற்குக்கூட, பஸ் ஸ்டாண்டு முக்கில் அவர் முகம் ஃப்ளெக்ஸ் பேனரில் எழும்பி நிற்கும், கும்பிட்ட கையும் மேல்வரிசை முழுக்கத் தெரிகிற சிரிப்புமாக. அந்த வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல், பக்கத்துப் பல்லின்மேல் சற்றே ஏறி உட்கார்ந்திருக்கும். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லி அவரை வளர்த்திருந்தார்கள், அவரும் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளியே சிரிப்பார். பேனரில் அந்த ஒரு பல் மட்டும் செங்கல் அளவுக்கு இருக்கும்.

பிச்சம்மாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாயில்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவன் கல்லாவில் உட்காரப் பழகிய வருஷம் உப்போடைக்கு வாக்கப்பட்டுப் போனாள். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர் பல்லை முதலில் மஞ்சளாக்கி, பிறகு பழுப்பாக்கி, பிறகு சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்த்துவிடும் தண்ணீர். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல் அவள் கருவமங்கலம் திரும்பியபோது வாயில் மிச்சம் ஒன்றுமில்லை. அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, விடிந்ததும் தம்பி வீட்டுக்கு வந்து வாசல் தெளிப்பாள், மாவாட்டுவாள், துணி ஊறவைப்பாள். வரச் சொன்னவர் யாருமில்லை, வராதே என்றவரும் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து ரசத்தில் குழைத்த சோற்றை ஈறாலேயே மென்று விழுங்குவாள். சாப்பிட்டியாக்கா என்று தம்பி கேட்ட நாட்கள் உண்டு, பதிலுக்கு நின்ற நாட்கள் குறைவு.

அந்த வைகாசியில்தான் பூதலிங்கத்தின் மகள் சுபாஷினியைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். பெரிய இடம். மாப்பிள்ளையின் அம்மா விசாலாட்சி கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஒரு பார்வையில் வகுப்பையே அடக்குகிற கண்; அந்தக் கண்ணுக்கு முன்னால் பூதலிங்கம் பேனரில் சிரிப்பதைவிட அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது, சாயம் போன சேலையும் பொக்கை வாயுமாகப் பிச்சம்மாள் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். தட்டைத் தமயந்தி எடுத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. தமயந்தி, பூதலிங்கத்தின் மனைவி, அந்த நேரம் பார்த்து மகளின் கொண்டையில் பூ நிற்கவில்லை என்று உள்ளே போராடிக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு?" என்று கேட்டார் விசாலாட்சி, மரியாதையாகத்தான்.

"வீட்ல கூடமாட ஒத்தாசைக்கு வர்ற அம்மா" என்றார் பூதலிங்கம்.

நுணலும் தன் வாயால் கெடும். தவளைக்காவது மழை வந்தது என்று ஒரு சாக்கு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை, யாரும் நெருக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, நாக்கு தானாக எழுந்து, மேல்வரிசைப் பல்லில் உரசிக்கொண்டு, அந்த வார்த்தைகளை வழவழவென்று வெளியே தள்ளியது. பிச்சம்மாள் கேட்டாள். கேட்டுவிட்டு, "காப்பி ஆறிரும், எடுத்துக்கிடுங்க" என்று ஒவ்வொருவருக்கும் தட்டை நீட்டி, கடைசியில் தம்பிக்கும் நீட்டி, ஈறு தெரியச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அது பொய் என்று பூதலிங்கத்தின் மனசு அப்போதே சொன்னது. அதைவிட மோசமாக, முழுப் பொய்யும் இல்லையே என்றும் சொன்னது. வேலைக்காரி என்று சொன்னது ஒரு வெட்கம் என்றால், இத்தனை வருஷம் அவளை அப்படித்தானே வைத்திருந்தோம் என்பது அதற்கு அடியில் கிடந்த வெட்கம். அன்றைக்கு அவருக்குக் காப்பி இறங்கவில்லை.

மறுநாள் காலை தெத்துப்பல் விழுந்தது. கடலையோ முறுக்கோ கடித்து விழுந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும், விழுந்தது இட்லியில். வலி இல்லை, ரத்தம் இல்லை, பல் அசைந்த நினைவுகூட இல்லை. சட்னியில் தேங்காய்ச் சில்லு மாதிரி கிடந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்று அதைக் கழுவித் தீப்பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து திறந்தால் தீப்பெட்டி காலி. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பிச்சம்மாள் திரும்பி, "தம்பி, இந்த வயசுல எனக்குப் பல்லு முளைச்சிருக்குப்பா, இங்க பாரேன்" என்று வெட்கமும் சந்தோஷமுமாக உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். மொட்டை ஈறில் இடது பக்கம், பக்கத்தில் சாய்ந்துகொள்ள ஆளில்லாமல் தனியாக, பூதலிங்கத்தின் தெத்துப்பல் சற்றே சரிந்து நின்றது. "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே நடந்தார் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. முன்பற்கள் தயிர்ச்சாதத்தில் போயின, கடைவாய்ப்பல் ஒன்று சங்கக் கூட்டத்தில் நன்றியுரையின் நடுவில் போனது, இன்னொன்று அம்மன் சந்நிதியில் திருநீறு வாங்கக் குனிந்தபோது. விழுந்த பல் எங்கே விழுந்தாலும், யார் எடுத்து எங்கே பூட்டி வைத்தாலும், விடிந்தால் பிச்சம்மாளின் ஈறில் தன் வரிசை தப்பாமல் நின்றது. வெற்றிலைக் கறை படிந்தது கறையோடு நின்றது, வெள்ளி அடைத்தது அடைப்போடு நின்றது.

வேறு ஊராக இருந்தால் டி.வி.க்காரர்கள் வந்திருப்பார்கள். கருவமங்கலத்துக்கு ஆச்சரியப்படத் தெரியாது, வழக்குப் பேசத்தான் தெரியும். அக்காள் வாயில் தம்பி பல் இருந்தால் அது யாருக்குப் பாத்தியம் என்று சலூனில் ஒரு வாரம் பேசினார்கள். குடும்பத்துக்குள்ளேதானே இருக்கிறது, வெளியே போகவில்லையே என்று தீர்ப்பானது. பல் தேய்க்கிற பொறுப்பு யாருக்கு என்று அடுத்த வாரம் பேசினார்கள். பெண்கள் பிச்சம்மாளை வழியில் நிறுத்தி, "எங்க, ஈயென்னு காட்டுங்கக்கா" என்று பார்த்துவிட்டு, இந்தப் பல்லில் அண்ணாச்சியைவிட நீங்கதான் லட்சணம் என்று சொல்லிப் போனார்கள். அவளோ, பூக்காரி நீட்டிய கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து விஷயம் புரிந்துகொண்ட நாளிலிருந்து, களவுப் பொருளைக் கையில் வைத்திருக்கிறவள் மாதிரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டே நடந்தாள். டீக்கடை சங்கரபாண்டி மட்டும் பல்லு இருக்கிறவன் பக்கோடா சாப்பிடுவான் என்று சத்தமாகச் சொல்லி, தினமும் ஒரு பொட்டலம் மடித்து அவள் கையில் திணித்தான்.

பூதலிங்கம் பல் டாக்டர் ஜெஸ்லினிடம் போனார். நாகர்கோவில் பக்கத்துப் பெண், சின்ன வயசு, நோயாளி வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதே கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ரகம். அவள் படம் எடுத்துப் பார்த்தாள், ஈறைத் தட்டிப் பார்த்தாள், விழுந்தது எங்கே போனது என்று மட்டும் கேட்கவில்லை, அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு பல்செட்டு. அளவெடுத்துச் செஞ்சு தருவோம், காலையில மாட்டிக்கலாம், ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கணும். முதல்ல கொஞ்ச நாள் உறுத்தும், பேச்சு குழறும், பழகிரும். இன்னொண்ணு இம்ப்ளாண்ட். தாடை எலும்புக்குள்ள ஸ்க்ரூ வச்சு, அது எலும்போட ஒட்டுனதும் மேல பல்லு கட்டுறது. சொந்தப் பல்லு மாதிரியே இருக்கும், கழட்ட வேண்டாம். ஆனா மாசக்கணக்கா ஆகும், எலும்பு பிடிக்கணும். பிடிக்கும்னு நான் எழுதித் தர முடியாது."

"இம்ப்ளாண்டே வச்சிருங்க" என்றார் பூதலிங்கம், உதடு உள்ளே மடிய. "கழட்டி மாட்டுறது வேண்டாம்மா. கழட்டுற சாமான் எப்பவும் ஆளைக் காட்டிக் குடுத்துரும்."

அவருக்கு அது வெறும் பல் விவகாரம் இல்லை. மதுரையிலிருந்து சம்மதம் வந்துவிட்டது, ஆவணியில் நிச்சயதார்த்தம். மண்டபத்தில், அந்தக் கண்ணுக்கு முன்னால், பொக்கை வாயோடு நின்றால் அவர்களுக்கு உடனே அந்தக் காப்பித் தட்டு ஞாபகம் வரும், அந்த வாய் ஞாபகம் வரும், இரண்டு வாயும் ஒரே அச்சு என்பது தெரிந்துபோகும். பல் இருந்தவரைக்கும் தெரியாத ஜாடை, பல் போனதும் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் அவர் பார்த்தது அக்காளின் முகத்தைத்தான்.

டாக்டர் முதலில் ஒன்றே ஒன்று வைத்துப் பார்ப்போம் என்று கீழ்த் தாடையில், எப்போதோ சொத்தையாகிப் பிடுங்கிய பல்லின் இடத்தில், ஒரு ஸ்க்ரூ இறக்கினாள். மறுநாள் விடிகாலையில் பிச்சம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "தம்பி, கோவிச்சுக்கிடாத, வாயில என்னமோ ஆணி குத்துதுப்பா." அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தால், பூதலிங்கத்துக்கு இறக்கிய ஸ்க்ரூ பிச்சம்மாளின் எலும்பில் வருஷக்கணக்காக இருந்தது போல ஒட்டி உட்கார்ந்திருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இவங்க எலும்பு பிடிச்சிருச்சு. உங்க எலும்பு பிடிக்கல" என்றாள். பிறகு, வீணாகப் போவானேன் என்று, அதன்மேல் ஒரு பல்லையும் பிச்சம்மாளுக்கே கட்டிவிட்டாள். பல்செட்டுக்கு அளவெடுக்க பூதலிங்கத்தை அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

அதற்குள் ஊர் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. தலைவர் கடைக்குப் போகாமல், கூட்டத்துக்குப் போகாமல், வீட்டுக்குள்ளேயே வாயில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்ததால், சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி, ஆள் வர முடியாத இடத்துக்கு அவர் பல் வந்தால் போதும் என்று முடிவு செய்து, புதிதாகத் திறந்த செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்ட பிச்சம்மாளைக் கூட்டிப் போனார்கள். அவள் முடியாது என்று அழுதாள், விடவில்லை. "சிரிங்கக்கா, ஒரே ஒரு போட்டோ" என்று கெஞ்சினார்கள். முந்தானையை இறக்கி அவள் சிரித்தபோது, முக்கில் நின்ற பேனரும் அவளும் ஒரே சிரிப்பைச் சிரித்தார்கள் என்றும், ஆனால் பேனரில் இருப்பது ஓட்டுக் கேட்கிற மாதிரியும் இவளுடையது சும்மா சிரிக்கிற மாதிரியும் இருந்தது என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் பூதலிங்கத்தின் காதில் விழும்படியாகவே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

ஒருநாள் மாலை மாடியிலிருந்து அவர் எட்டிப் பார்த்தபோது, கொல்லையில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு பிச்சம்மாள் ஒரு கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். செங்காய். அதைச் சேலையில் துடைத்து, மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்து, அந்தச் சத்தம் கேட்டுத் தானே சிரித்து, விதையை நரநரவென்று அரைத்து, அவசரமே இல்லாமல் மென்றாள். அவருக்குப் பொறாமை வந்தது. என் பல், என்று நினைத்தார். நினைத்ததும் உடம்பு கூசிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அக்காளுக்குக் கொய்யாக்காய் பிடிக்கும் என்பது இந்த ஐம்பத்தைந்து வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

பல்செட்டுக்கு அளவு கொடுக்கப் போன அன்று, டாக்டரின் நாற்காலியில் ஏற்கெனவே பிச்சம்மாள் சாய்ந்து கிடந்தாள். கதவருகில் தம்பி நிற்பது தெரியாமல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"இதெல்லாம் எந்தம்பி பல்லும்மா. எங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் பிடுங்கி அவனுக்கே வச்சிருங்க. நாலு பேரு முன்னால நிக்கிறவன். நான் அடுப்படியில கெடக்கிறவ, எனக்கு என்னத்துக்குப் பல்லு?"

"வலிக்கும்மா" என்றாள் டாக்டர்.

"வலிச்சாப் பொறுத்துக்கிடுதேன். அவன் சாப்பிட முடியாமத் தண்ணிச் சோறு குடிக்கத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

இந்த இடத்தில் கதாநாயகன் ஓடிப்போய் அக்காளின் காலில் விழுந்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பூதலிங்கம் விழவில்லை. உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படிச் செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் ஜெஸ்லின் அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகிற வரைக்கும் மறக்கமாட்டார். "முடியாது" என்றாள். "நல்லாப் பிடிச்ச பல்லை நான் பிடுங்க மாட்டேன். பிடுங்கினாலும் உங்க வாயில நிக்காது. அம்மா, நீங்க எந்திரிங்க." பிச்சம்மாள் எழுந்து, தப்புச் செய்தவள் மாதிரி தம்பியைப் பார்த்து, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போனாள். அவர் அதே நாற்காலியில் ஏறிப் படுத்தார். அவளுடைய சூடு அதில் இன்னும் இருந்தது. மாவுப் பசையை அச்சில் நிரப்பி வாய்க்குள் வைத்து, அசையாமல் கடித்துக்கொண்டிருங்கள் என்றாள் டாக்டர். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது, குமட்டுகிறதா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினார்.

பல்செட்டு வந்தது. முத்து முத்தாக, தெத்துப்பல் இல்லாமல், யார் வாயில் மாட்டினாலும் யாருக்கும் சொந்தமில்லாத வரிசை. அது எங்கேயும் ஓடவில்லை, வேர் இல்லாததற்கு ஓட என்ன இருக்கிறது, இரவு கிண்ணத்தில் போட்டது காலையில் கிண்ணத்திலேயே கிடந்தது. இனி நிம்மதி என்று அவர் நினைத்தபோது தமயந்தி வேறு கவலையைக் கொண்டுவந்தாள்.

"ஏங்க, நிச்சயத்தன்னிக்கு மயினி வாயைத் திறந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பேனர்ல இருக்க பல்லு வேலைக்காரி வாயில எப்படின்னு சம்பந்தியம்மா கேட்டா என்ன சொல்வீங்க? வேற மாதிரியில்ல நினைப்பாவ?"

அது நியாயம்தான். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் வேண்டும். நிச்சயத்துக்கு முதல்நாள் பூதலிங்கம் அடுப்படிக்கு வந்து, அக்காளின் முகத்தைப் பார்க்காமல், அம்மிக்கல்லைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு நீ மண்டபத்துக்கு வாக்கா. ஆனா அவங்க முன்னால வாயைத் திறக்காம இரு. அவங்க நெனைச்சது அப்படியே இருக்கட்டும்."

"சரிப்பா" என்றாள் பிச்சம்மாள். கோபித்திருக்கலாம், அழுதிருக்கலாம், ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "சுபாவுக்குக் கட்ட பச்சைச் சேலை எடுத்து வச்சிருக்கேன், தேய்க்கக் குடுத்துரு" என்று மட்டும் சொன்னாள். அவர் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தெருவில் நின்று, பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கடித்துக்கொள்ளக்கூடச் சொந்தமாகப் பல் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு இஸ்திரிக் கடைக்கு நடந்தார்.

ஆவணியில் மண்டபம் நிறைந்தது. வாசலில் புதுப் பேனர், பழைய போட்டோ, பழைய சிரிப்பு. பூதலிங்கம் மேடைக்குப் பக்கத்தில் நின்று பல்செட்டுக்குப் பங்கம் வராத அளவுக்குச் சிரித்து, வந்தவர்களைக் கும்பிட்டார். தட்டு மாற்றி, வெற்றிலை மாற்றி, எல்லாம் நல்லபடியாக முடிந்து பந்திக்கு இலை போடுகிற நேரத்தில், விசாலாட்சி பந்தி மண்டபத்தைத் தாண்டிச் சமையல்கட்டுக்குள் நுழைவதைப் பார்த்துப் பூதலிங்கம் பின்னாலேயே ஓடினார். அண்டாக்களுக்கு நடுவில், மணையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் பிச்சம்மாள்.

"அன்னிக்கு எங்களுக்குக் காப்பி குடுத்தவங்கதானே நீங்க?" என்றார் விசாலாட்சி.

பிச்சம்மாள் தலையாட்டினாள்.

"பொண்ணுக்கு என்ன வேணும் நீங்க?"

தலையாட்டிச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. பிச்சம்மாள் தம்பியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கையைத் துடைத்து, வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள், பூதலிங்கத்தின் தெத்துப்பல், பூதலிங்கத்தின் முன்பற்கள், கறை படிந்ததும் வெள்ளி அடைத்ததும், அத்தனையும் சமையல்கட்டு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய, "நான் இவங்க வீட்டு வேலைக்காரிம்மா. சின்னப் பிள்ளையில இருந்து பாப்பாவை எனக்குத் தெரியும், அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

தன் பொய்யைத் தன் பல்லே சொல்வதை பூதலிங்கம் கண்ணால் பார்த்தார். அவர் ஒருமுறை சொல்லிவிட்டுத் தப்பித்த பொய்யை அவள் அவருக்காகச் சுமந்து, மெருகேற்றி, சிரிப்பும் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்றைக்கு அவர் சதை எல்லாம் ஆடியது. "இல்ல" என்று கத்தினார். கத்திய வேகத்தில் பல்செட்டின் மேல்வரிசை நழுவி லொடக்கென்று கீழ்வரிசையில் இடித்தது. இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் ஈறோடு சொன்னார். பல் போனால் சொல் போச்சு. அவர் சொன்னது அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றார் விசாலாட்சி.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் பிச்சம்மாள் அவசரமாக. "உங்களைச் சாப்பிட வரச் சொல்லுதாவ."

அவர் அக்காளின் கையை எட்டிப் பிடித்தார். வாழைக்காய்ப் பிசின் ஒட்டிய கை. மறுபடியும் சொன்னார், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக, வாயில் ஒழுகுவதைத் துடைக்காமல், சமையல்காரர்கள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி, பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டுத் தலையைத் தூக்கும்படி. "இது எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா. என்னை வளத்தவ. அன்னிக்கு நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். கேவலமாப் போச்சும்மா. வெக்கங்கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. விசாலாட்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார். "அன்னிக்குத் திரும்பிப் போறப்ப உங்க பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்க இறங்கினோம். பொண்ணைப் பார்த்துட்டீங்களா, அவ அத்தையைப் பார்த்தீங்களான்னு அந்த டீக்கடைக்காரர் கேட்டாரு. நீங்களா எப்ப சொல்வீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பொண்ணு நல்ல பொண்ணு. அது வேற" என்றார். பிறகு பிச்சம்மாளின் பக்கம் திரும்பி, "வாங்க மதினி, முதல் பந்தியில உட்காருங்க" என்று தோளைத் தொட்டு அழைத்தார். பூதலிங்கத்தையும் முறை சொல்லித்தான் பந்திக்கு அழைத்தார், ஆனால் அவரைத் தொடவில்லை.

முதல் பந்தியில், மூன்று மாதமாக எல்லாம் தெரிந்திருந்த சம்பந்திகளுக்கு எதிரில், எல்லாம் தெரிந்த ஊருக்கு நடுவில், அக்காளும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. அக்காளிடம் மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது, அது வாயில் நிற்காது என்றும் தெரிந்தது. சோறும் பருப்பும் விழுந்தன, அவியல் விழுந்தது, ஆமவடை விழுந்தது. அவர் வடையை எடுத்துப் பார்த்தார், முறுமுறுவென்று பொரிந்த விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தார், இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

பிச்சம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் இலையிலிருந்து அந்த வடையை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் முந்தானையை இறக்கிவிட்டு, பொரிந்த விளிம்பைச் சுற்றிவரக் கடித்துத் தான் மென்றுகொண்டு, நடுவில் மிஞ்சிய மெத்தென்ற பாகத்தை அவர் இலையில் திருப்பி வைத்தாள்.

"தின்னுப்பா" என்றாள்.

எச்சில் என்று எதிர் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பூதலிங்கம் அதை எடுத்து வாயில் போட்டு, ஈறோடு ஈறாக வைத்து, குனிந்த தலை நிமிராமல், கண்ணீர் இலையில் சொட்டச் சொட்ட, மெதுவாக மென்று தின்றார்.